யாரும் ஓட்டுப் போடாத தாராளமயம்

வியாசர்பாடியிலிருந்து ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: “என் தந்தை பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர். தாராளமயம் வந்துதான் மில்லை மூடினார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எதிர்க்கட்சியாக இருக்கும்போது இதை எதிர்க்காத கட்சி இல்லை; ஆட்சிக்கு வந்தபின் இதைச் செய்யாத கட்சியும் இல்லை. யாரும் ஓட்டுப் போட்டுக் கேட்காத ஒன்று ஏழை நாடுகளில் எப்படி நடக்கிறது? உலக வங்கியும் ஐ.எம்.எஃப்.பும் மிரட்டியதால்தானா?” தடையற்ற வணிகம் நல்லதா கெட்டதா என்று இவர் கேட்கவில்லை. இறக்குமதிக்குக் கதவைத் திறக்கும் முடிவு யாருடையது, திறந்த கதவை அடுத்து வந்தவர்கள் ஏன் மூடவில்லை, தன் தந்தையின் ஜவுளி மில் அந்த முடிவுக்குப் பலியானதா என்பவையே இவரது கேள்விகள். பொருளியலில் முதுகலை முடித்துவிட்டுத் தம்புச் செட்டித் தெருவில் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் சேர்ந்து, வேலைக்காலம் முழுவதையும் கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் துறைமுகத்துக்கும் இடையே கழித்தவன் நான். எனவே இந்த அரசியலை நான் அருகிலிருந்து பார்த்தது பெரும்பாலும் இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியின் வழியாகத்தான். மற்ற நாடுகளைப் பற்றிச் சொல்வது படித்தறிந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

வெளியிலிருந்து வந்த அழுத்தம் உண்மை. அதில் ஐயத்துக்கு இடமில்லை. வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறி, சோவியத் ஒன்றியத்துடன் ரூபாயிலேயே கணக்குத் தீர்த்த வணிகம் ஆட்டம் கண்டு, 1991 கோடையில் நம் அந்நியச் செலாவணி இருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. சந்திரசேகர் அரசின் கடைசி நாள்களில் 20 டன் தங்கம் வெளிநாட்டுக்குப் போயிற்று. ஜூலையில் மேலும் 47 டன் அளவுக்கு அடகு வைக்கப்பட்டது. ஜூலை 1, 3 ஆகிய தேதிகளில் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. 4ஆம் தேதி வணிக அமைச்சர் ப. சிதம்பரம் புதிய வணிகக் கொள்கையை அறிவித்தார். 24ஆம் தேதி மன்மோகன் சிங்கின் பட்ஜெட், சில பொருள்களுக்கு 300 சதவீதத்தையும் தாண்டியிருந்த இறக்குமதி டியூட்டிக்கு (சுங்க வரிக்கு) 150 சதவீதம் என்று உச்சவரம்பு கட்டியது. ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) கடனுக்கு நிபந்தனைகள் இருந்தன. நரசிம்ம ராவின் அரசுக்கோ மக்களவையில் பெரும்பான்மை இல்லை. மண்டல், அயோத்தி, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியின் கொலை ஆகியவற்றின் நடுவே நடந்த அந்தத் தேர்தலில் இறக்குமதி டியூட்டி ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. ஆக, “யாரும் ஓட்டுப் போட்டுக் கேட்கவில்லை” என்பது அப்படியே சரி.

ஆனால் மிரட்டல் மட்டுமே காரணம் என்றால் 1966ஐ விளக்க முடியாது. அந்த ஆண்டு ஜூன் 6ஆம் தேதி, ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்த மதிப்பை இந்திரா காந்தி அரசு 7.50 ரூபாயாக மாற்றியது. கூடவே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் சிலவும் தளர்த்தப்பட்டன. உலக வங்கியும் அமெரிக்காவும் அப்போது கொடுத்த அழுத்தம் 1991ஐவிடக் குறைந்ததன்று, ஒரு வகையில் கூடுதலானது. ஏனென்றால் பஞ்சத்துக்குப் பயந்து அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த காலம் அது. ஆளும் கட்சியின் தலைவராக இருந்த காமராசரே அந்த மதிப்புக் குறைப்பை ஏற்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது, தருவதாகச் சொன்ன வெளிநாட்டு உதவி எதிர்பார்த்த அளவில் தொடரவில்லை, விலைவாசி ஏறியது. திறப்பு ஓரிரு ஆண்டுகளில் சுருட்டி வைக்கப்பட்டது. அதன்பின் ஒரு தலைமுறைக்கு எந்த நிதியமைச்சரும் மதிப்புக் குறைப்பு என்ற பேச்சை வெளிப்படையாக எடுக்கத் துணியவில்லை. (1967இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் தோற்றதற்கு அரிசியும் இந்தித் திணிப்பும்தான் முதற்காரணங்கள், மதிப்புக் குறைப்பை அந்தக் கணக்கில் எழுதுவது மிகை.) அழுத்தம் ஒன்றுபோல் இருக்க, ஒருமுறை கதவு திறந்து உடனே மூடிக்கொண்டது, மறுமுறை திறந்தே நின்றது. வெளியிலிருந்து வருவது கதவைத் தட்டும் கைதான். அது திறந்தே இருப்பதும் மூடிக்கொள்வதும் உள்ளே யாருக்கு அதனால் ஆதாயம் என்பதைப் பொறுத்தது என்பதே என் பதிலின் சாரம்.

1966க்கும் 1991க்கும் இடையில் உள்ளே மாறியது என்ன? முதலாவது, அரசு இயந்திரத்துக்குள் கருத்து மாறியிருந்தது. வணிகக் கொள்கையை ஆராய 1978இல் அலெக்சாண்டர் குழு, 1984இல் அபித் உசேன் குழு, 1990இல் அரசு அதிகாரி மாண்டேக் சிங் அலுவாலியா எழுதிய உள்சுற்றுக் குறிப்பு என்று காகிதங்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. நெருக்கடி வந்த மாதத்தில் யாரும் புதிதாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது, ஏற்றுமதியாளர்கள் என்றொரு வகுப்பு வளர்ந்திருந்தது. பழைய முறையில் ஏற்றுமதி செய்தவருக்கு ஆர்.இ.பி. லைசென்ஸ் என்று ஓர் இறக்குமதி உரிமம் கிடைக்கும்; அதைப் பிரீமியம் வைத்து விற்கலாம். பாரிமுனையைச் சுற்றியிருந்த தெருக்களில் அதற்கென்றே புரோக்கர்கள் இருந்தார்கள். 1991 ஜூலையில் அந்த உரிமத்தை எக்ஸிம் ஸ்கிரிப் என்று மாற்றி, பொதுவாக ஏற்றுமதி மதிப்பில் 30 சதவீதத்துக்கு விரிவுபடுத்தினார்கள். ஏற்றுமதிக்குக் கொடுத்த ரொக்க மானியத்தை நிறுத்தினார்கள். ஏற்றுமதியாளரிடமிருந்து ஒரு கையால் எடுத்ததை மறுகையால் திருப்பிக் கொடுத்ததால், எதிர்த்திருக்கக் கூடியவர் ஆதரவாளரானார். உரிமங்களை எழுதி வழங்கியவர்களும் அவற்றை விற்றுப் பிழைத்த புரோக்கர்களும்தான் உடனடியாக இழந்தவர்கள். அவர்களுக்காகக் கொடி பிடிக்க யாரும் இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: எதை முதலில் திறந்தார்கள், எதைக் கடைசிவரை மூடி வைத்தார்கள் என்ற வரிசை. இயந்திரம், உதிரிப் பாகம், வேதிப்பொருள், மூலப்பொருள் ஆகியவை 1991இலிருந்தே அவிழ்க்கப்பட்டன. இவற்றை வாங்குபவர்கள் தொழிலதிபர்கள், ஆகவே வரவேற்றார்கள். நுகர்பொருள்களுக்கான தடை மட்டும் அப்படியே நின்றது. அவை வந்தால் அதே தொழிலதிபர்கள் இழப்பார்கள். உச்ச டியூட்டி 1992இல் 110, 1993இல் 85, 1994இல் 65, 1995இல் 50 சதவீதம் என்று ஆண்டுதோறும் ஒரு படியாக இறங்கியது. எந்தப் படியும் தெருவில் ஆள் கூட்டும் அளவுக்குப் பெரிதாக இல்லை. அதே 1991 பட்ஜெட்டில் உர விலையை 40 சதவீதம் ஏற்றப் போவதாகச் சொன்னபோது எழுந்த எதிர்ப்பில், அதை 30 ஆகக் குறைத்துச் சிறு விவசாயிகளுக்கு விலக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று. டியூட்டிக்காக அப்படி ஒரு கூச்சல் எழவில்லை. மூட்டை விலை ஏறினால் வீட்டுக்கு வீடு தெரியும். டியூட்டி இறங்குவது எங்களைப் போன்றவர்களின் மேசைக்கு மட்டும் வரும் செய்தி. பட்ஜெட்டுக்கு முந்தைய வாரம் பில் ஆஃப் என்ட்ரியை முந்திப் போடுவதா, தள்ளிப் போடுவதா என்ற கவலை தம்புச் செட்டித் தெருவைத் தாண்டி வண்ணாரப்பேட்டைக்குக்கூடப் போனதில்லை. சட்டமும் இந்த அமைதிக்குத் துணையாக இருந்தது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அரசு ஓர் அறிவிக்கை மூலமே டியூட்டி விலக்குத் தரலாம். வெளிநாட்டு வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை.

மற்ற நாடுகளிலும் இதே போக்கு, சில வேளை இன்னும் முரட்டுத்தனமாக, தெரிகிறது. அர்ஜென்டினாவில் 1989இல் பெரோன் மரபின் தொழிலாளர் ஆதரவு வேட்பாளராக வென்ற மெனெம், பதவியேற்றபின் சந்தையைத் திறந்தார். பெருவில் 1990இல் அதிர்ச்சி வைத்தியம் வேண்டாம் என்று பேசி வென்ற ஃபுஜிமோரி, வென்றபின் அதையே கொடுத்தார். பொலிவியாவில் 1952 புரட்சியில் தகரச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிய பாஸ் எஸ்தென்சோரோவே 1985இல் முதியவராகத் திரும்பி வந்து எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார். “ஆட்சிக்கு வந்தபின் இதைச் செய்யாத கட்சி இல்லை” என்ற உங்கள் ஆதங்கம் கண்டங்கள் தாண்டிப் பொருந்துகிறது. ஆனால் சர்வாதிகாரம் இருந்தால்தான் இது நடக்கும் என்று சிலியைக் காட்டுபவர்களுடன் நான் உடன்படவில்லை. அங்கே சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சி ஏறத்தாழ 100 சதவீதமாக இருந்த சராசரி டியூட்டியை 1979இல் 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது உண்மை. 1982இன் நெருக்கடிக்குப்பின் அதே ஆட்சிதான் அதை 35 சதவீதத்துக்கு ஏற்றியது. பின்னர் அவ்வாட்சியே 15 ஆகக் குறைத்திருந்த அதை 1991இல் 11 ஆக இறக்கியது மக்கள் தேர்ந்தெடுத்த அரசு.

வளரும் நாடுகளின் அரசியலில் பலரும் விட்டுவிடும் ஒரு கணக்கு உண்டு: டியூட்டி என்பது பாதுகாப்புச் சுவர் மட்டுமன்று, கஜானாவும்கூட. வருமான வரி வசூலிக்க ஊரெல்லாம் ஆள் வேண்டும். சுங்கத்துக்கு ஒரு துறைமுக வாசல் போதும். 1990-91இல் மத்திய அரசின் மொத்த வரி வருவாயில் ஏறத்தாழ 36 சதவீதம் சுங்கத்திலிருந்து வந்தது. அதைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு எங்காவது கை வைத்தாக வேண்டும். 1994இல் சேவை வரி தொடங்கியதையும், பின்னாளில் மதிப்புக் கூட்டு வரி வந்ததையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இறக்குமதியாளர் கட்டிக்கொண்டிருந்த வரியில் ஒரு பகுதி இவ்வாறு தொலைபேசிக் கட்டணம் கட்டுபவரின் தலைக்கு மாறியது. நம் நாட்டில் இந்த மாற்றம் ஒருவாறு நடந்தேறியது. மிகவும் ஏழையான நாடுகள் பலவற்றில் இழந்த டியூட்டியின் சிறு பகுதியே வேறு வரிகளால் ஈடானது என்பதுதான் ஆய்வுகள் பொதுவாகக் காட்டுவது. அங்கெல்லாம் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போக வேண்டிய பணத்தில் துண்டு விழுந்தது. தாராளமயத்தை எதிர்ப்பவர்கள் இந்த வாதத்தைப் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் வியப்பு.

இழப்பவர் சிலர், அவர்கள் ஒன்றுசேர்வார்கள். ஆதாயம் அடைபவர் பலர், அவர்கள் ஒன்றுசேர மாட்டார்கள் என்பது பாடப்புத்தகத்தின் விளக்கம். பெரும்பாலும் சரிதான், ஆனால் நம் ஊர்க் கண்ணில் அது கொஞ்சம் சிக்கலாகத் தெரியும். திருவொற்றியூர் டயருக்குப் பெயர்போன ஊர். டயர்த் தொழிலுக்கு இயற்கை ரப்பர் மூலப்பொருள். அதன் இறக்குமதி டியூட்டி குறைய வேண்டும், ஆனால் சீன டயருக்கு டியூட்டி உயர வேண்டும் என்பது அத்தொழிலின் நெடுநாள் நிலைப்பாடு. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் ரப்பர்த் தோட்டம் வைத்திருப்பவருக்கோ ரப்பரின் டியூட்டிதான் உயிர்நாடி. 2015இல் அது 20 சதவீதத்திலிருந்து 25 ஆக ஏற்றப்பட்டது. அதே நேரத்தில் டயரை ஏற்றுமதி செய்பவர் ஏற்றுமதிக்கான மூலப்பொருளுக்குத் தரும் அட்வான்ஸ் லைசென்ஸில் ரப்பரை டியூட்டியில்லாமல் கொண்டுவர முடியும். இப்படி ஒரே டயரில் மூன்று கோரிக்கைகள் மோதிக்கொள்ள, அரசு மூவருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்துச் சமாளிக்கிறது. தென்கிழக்காசிய நாடுகளுடன் செய்து 2010இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்தை எதிர்த்துக் கேரளத்தில் இடதுசாரிகள் மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மனிதச் சங்கிலி அமைத்தார்கள். அந்த ஒப்பந்தத்திலோ இயற்கை ரப்பர், டியூட்டி குறைக்கத் தேவையில்லாத பொருள்களின் விலக்குப் பட்டியலில் இருந்தது. எங்கள் தொழிலில் பழகியவர்கள் ஓர் ஒப்பந்தத்தை முன்னுரையிலிருந்து படிக்கத் தொடங்க மாட்டார்கள். நேரே விலக்குப் பட்டியலுக்குப் போவார்கள். யாருடைய குரல் டில்லியில் கேட்டது, யாருடையது கேட்கவில்லை என்பது அங்கே வரிவரியாக எழுதியிருக்கும்.

குரல் கேட்காமல் போனவர்களுக்கு மிகத் துயரமான உதாரணம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் யாழ்ப்பாண விவசாயிகள் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டு நன்றாக வாழ்ந்தார்கள். 1977இல் பெரும் வெற்றி பெற்ற ஜெயவர்த்தன அரசு, தெற்காசியாவிலேயே முதலாவதாகச் சந்தையைத் திறந்தது. வடக்கின் விளைபொருளுக்கு விலை வீழ்ந்தது. இழந்தவர்களின் வாக்கு ஆளும் கட்சிக்குத் தேவைப்படவில்லை. அவர்களின் பிரதிநிதிகள் எதிர்வரிசையில் இருந்தார்கள். இனப்போருக்கு இதுவே காரணம் என்று சொல்வது தவறு. ஆனால் யாருடைய பயிருக்குப் பாதுகாப்பு நீங்கும் என்பதை அவருடைய வாக்கின் எடை தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

நுகர்வோர் ஒன்றுசேர்வதே இல்லை என்பதும் முழு உண்மையன்று. உணவு என்று வந்தால் சேர்வார்கள், அதுவும் வாக்குச்சாவடியில். உலக வணிக அமைப்பில் சமையல் எண்ணெய் பெரும்பாலானவற்றுக்கு 300 சதவீதம்வரை டியூட்டி போட நமக்கு உரிமை இருந்தும், அதைக் குறைத்தே வைத்திருக்கிறோம். தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும், டிசம்பரில் வெங்காயத்துக்கும் ஏற்றுமதித் தடை வந்தது. தொழிற்பொருளுக்கு இறக்குமதியைத் தடுப்பதும் உணவுக்கு ஏற்றுமதியைத் தடுப்பதும் ஒரே அரசியலின் இரு கைகள். இரண்டாவது கையால் அடிபடுபவர் விவசாயி.

இனி உங்கள் தந்தையின் மில். 1918இல் நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறக்கக் காரணமாயிருந்த ஆலை அது, 1996இல் மூடப்பட்டது. இறக்குமதித் துணிதான் அதைக் கொன்றது என்று நீங்கள் நினைத்தால், தேதிகள் ஒத்துவரவில்லை. நுகர்பொருள்கள்மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு, உலக வணிக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் நாம் தோற்றபின், 2000 ஏப்ரலில் 714 பொருள்களுக்கும் 2001 ஏப்ரல் 1இல் மீதி 715 பொருள்களுக்கும்தான் நீங்கியது. 1996இல் வெளிநாட்டுத் துணி தாராளமாக வந்து இறங்கிக்கொண்டிருக்கவில்லை. நூற்பும் நெசவும் ஒரே இடத்தில் நடந்த பெரிய கலப்பு ஆலைகளை நாடெங்கும் நலியச் செய்தது முதன்மையாக உள்நாட்டு விசைத்தறி. 1985ஆம் ஆண்டு ஜவுளிக் கொள்கை அந்தப் போக்கை வேகப்படுத்தியது. ஆனாலும் உங்கள் தந்தை சொல்வதில் உண்மையின் ஒரு கூறு இருக்கிறது. நலிந்த ஜவுளி ஆலைகளை 1974இல் அரசே ஏற்று நடத்த முன்வந்ததுபோல் 1991க்குப்பின் முன்வரவில்லை. நலிந்தது மூடட்டும் என்ற மனப்பாங்கு அதே கொள்கை மாற்றத்தின் பகுதிதான். மில்லை வீழ்த்தியது தாராளமயம் என்பதைவிட, விழுந்தபோது தாங்குவதற்கு யாரும் இல்லாமல் செய்தது அது என்று சொல்லலாம்.

ஐயத்துக்குரியவை இவை. 1991ஆல்தான் இந்தியா வேகமாக வளர்ந்தது என்பது முடிந்துபோன விவாதமன்று. வளர்ச்சி வேகம் 1980ஐ ஒட்டியே கூடத் தொடங்கிவிட்டது என்று காட்டுபவர்கள் உண்டு. வறுமை குறைந்ததா என்பதிலும் அப்படியே. டியூட்டிக் குறைப்பால் அதிகம் தாக்குண்ட ஊரக மாவட்டங்களில் வறுமை மற்ற இடங்களைவிட மெதுவாகக் குறைந்தது என்று பொருளியலாளர் பெட்டியா டோபலோவா மாவட்டவாரியாக ஆராய்ந்து காட்டினார். அங்கே வறுமை கூடியது என்று அதைத் திரித்துச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது அதுவன்று. மாவட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் இந்த முறையால் நாடு முழுமைக்கும் நேர்ந்த நன்மையையோ தீமையையோ அளக்க முடியாது என்ற வரம்பும் அதற்கு உண்டு. துறைமுகத்தில் கன்டெய்னர் பெட்டிகளின் எண்ணிக்கை பெருகியதை நான் பார்த்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் நாள் கணக்கில் நின்றதையும் பார்த்தேன். ஆனால் கப்பலில் வந்த பெட்டியை வைத்து வடசென்னையில் எத்தனை வேலை வந்தது, எத்தனை போயிற்று என்று கணக்குச் சொல்ல இயலாது.

கட்சிகளைப் பற்றிய கேள்விக்கு ஒரு மனிதரை வைத்தே பதில் சொல்லலாம். அந்த 715 பொருள்களின் தடை நீங்கிய நாளில் வணிக அமைச்சர் முரசொலி மாறன். மத்திய சென்னையின் உறுப்பினர், திராவிட இயக்கத்தவர், சுதேசி பேசும் அமைப்புகளையும் அணைத்துக்கொண்ட கூட்டணி அரசில் இருந்தவர். அதே ஆண்டு நவம்பரில் தோகாவில், முதலீடு, போட்டிக் கொள்கை போன்றவற்றைப் புதிய பேச்சுவார்த்தையில் நுழைக்கும் பணக்கார நாடுகளின் முயற்சியைக் கடைசி நாள்வரை தடுத்து நின்றவரும் அவரே. இதை இரட்டை வேடம் என்று நான் எண்ணவில்லை. ஏற்றுமதியாளர், இறக்குமதி மூலப்பொருளை நம்பியிருந்த ஆலைகள், சென்னையைச் சுற்றி எழுந்த கார்த் தொழில் என்று பத்தாண்டில் உருவாகிவிட்ட கூட்டத்தை எந்த அரசும் பகைத்துக்கொள்ள முடியாது; விவசாயியையும் கைவிட முடியாது. எதிர்க்கட்சிக்கு இந்த இரண்டாவது கூட்டத்தின் ஓட்டு மட்டும் போதும், ஆளும் கட்சிக்கு இரண்டும் வேண்டும். 2019 நவம்பர் 4இல் பாங்காக்கில் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்.சி.இ.பி. வணிக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியதும் இதே கணக்கில்தான். அப்போது பால் உற்பத்தியாளர்கள் சிறியவர்களாகவும் சிதறியவர்களாகவும் இருந்தும், கூட்டுறவு சங்கங்கள் வழியே ஒரே குரலில் பேசினார்கள். நியூசிலாந்துப் பால்பவுடர் மாதவரம் பால்பண்ணையின் வாசல்வரை வந்துவிடும் என்ற அச்சம் எல்லாக் கட்சிகளையும் ஒரே பக்கம் நிறுத்தியது. சங்கம் வைத்திருந்த பால்காரருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, பல ஒப்பந்தங்களில் கைத்தறி நெசவாளருக்கோ சிறு பட்டறைக்காரருக்கோ கிடைக்கவில்லை.

2007இல் 10 சதவீதத்துக்கு இறங்கிய தொழிற்பொருள்களின் பொது உச்ச டியூட்டி அதற்குப்பின் அங்கேயே நின்றுவிடவில்லை. செல்பேசிக்கு 2018இல் 20 சதவீதம் ஆக்கினார்கள், 2024இல் 15 ஆக இறக்கினார்கள். தங்கத்துக்கு 2022இல் 15 சதவீதம்வரை ஏற்றி, 2024இல் 6 ஆகக் குறைத்தார்கள். ஐ.எம்.எஃப். கடன் எதுவும் கழுத்தில் இல்லாத காலத்தில் நடந்த ஏற்றமும் இறக்கமும் இவை; இவற்றுக்கும் யாரும் ஓட்டுப் போடவில்லை.